பாண்காரரின் பாட்டும் நெஞ்சொலி ஐயாவும்

ஞாயிற்றுக்கிழமை என்றால் திருகோணமலைச் சனம் முன்பெல்லாம் கடலில் குளிக்கப் போகும், இல்லாவிட்டால் மத்தியானச் சாப்பாட்டோடு நித்திரை கொள்ளும். இந்த வருடம் புதுப் பொழுதுபோக்கு ஒன்று வந்தது. நெஞ்சைக் கொண்டுபோய் ஒலிபெருக்கியில் போட்டுக் கேட்பது.

குச்சவெளிப் பக்கத்திலிருந்து கரையோர பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். ஈச்சிலம்பற்றிலிருந்து வான் பிடித்து வந்தார்கள். கிண்ணியாவிலிருந்து பாலம் தாண்டி ஒரு மோட்டார்சைக்கிளில் மூன்று பேராக வந்தார்கள். எல்லோரும் போய்ச் சேர்ந்த இடம், மீன்பிடி இறங்குதுறைக்குப் பக்கத்தில் மூடிக்கிடந்த ஐஸ் தொழிற்சாலை. ஐஸ் போன பிறகு அங்கே எலி இருந்தது. எலி போன பிறகு நெஞ்சொலி ஐயா வந்தார்.

வெள்ளைச் சாரம், வெள்ளைச் சேட்டு, எந்த மதத்துக்கும் பொருந்தக்கூடிய நீளத்தில் தாடி. மேடையில் ஆளுயர ஒலிபெருக்கிப் பெட்டிகள் இரண்டு. நடுவில் ஒரு கதிரை, கதிரைக்குப் பக்கத்தில் மேசை, மேசையில் பட்டுத்துணி போர்த்த ஒரு இயந்திரம். டொக்டர்மார் கழுத்தில் தொங்கும் குழாயின் நுனியில் ஒரு சின்ன மைக்கைச் செருகி வைத்திருந்தார். அதை உங்கள் நெஞ்சில் வைத்தால் போதும். மண்டபம் முழுக்க "டுப்… டப்… டுப்… டப்…" என்று உங்கள் இதயம் முழங்கும். மூன்று தெரு தள்ளி நாய் குரைக்கும்.

"டொக்டர்மார் தங்கட காதுக்குள்ள மட்டும் வச்சு ஒளிச்சுக் கேக்கினம். நான் ஊருக்கே கேக்கப் போடுறன். எது நேர்மை? நீங்களே சொல்லுங்கோ!" என்பார் ஐயா.

சனம் கைதட்டும். நேர்மை இவ்வளவு சத்தமாக இருக்கும் என்று அதுவரை அவர்களுக்குத் தெரியாது.

சில நெஞ்சுகளில் டுப்புக்கும் டப்புக்கும் இடையில் "ஷ்ஷ்…" என்று ஒரு இரைச்சல் வரும். ஐயா உடனே கையை உயர்த்துவார். மண்டபம் மூச்சுவிடாது.

"கேட்டியளோ? வந்து குந்தியிருக்கிறது அதுதான்."

என்ன குந்தியிருக்கிறது என்பது ஆளைப் பொறுத்தது. சைவக்காரர் என்றால் செய்வினை. முஸ்லிம்கள் என்றால் ஜின். வேதக்காரர் என்றால் சாத்தான். அரசாங்க உத்தியோகம் என்றால் நாவூறு. இந்த நாட்டில் பேய்களும் அடையாள அட்டையைப் பார்த்துவிட்டுத்தான் ஆளைப் பிடிக்கின்றன போலிருக்கிறது.

இரைச்சலின் உரப்பைக் கேட்டு ஐயா படி சொல்லுவார். மொத்தம் ஏழு படி. ஏழாம் படி என்றால் ஆள் தப்பாது. ஆனால் ஐயாவிடம் வந்தவர்களில் ஏழாம் படி ஒருவருமே இல்லை. எல்லோரும் அவருக்குக் காணிக்கை வைக்கக்கூடிய படிகளிலேயே இருந்தார்கள். கிழமைக்கு ஒரு தரம் வந்து மந்திரித்த தண்ணீர் குடித்தால் சத்தம் படிப்படியாக இறங்கும். இறங்கியதற்கு ஆதாரம்? ஒவ்வொரு ஞாயிறும் உங்கள் நெஞ்சின் ஒலிப்பதிவு உங்கள் போனுக்கே வட்ஸப்பில் வந்துவிடும். நீங்களே போட்டுக் கேளுங்கள். போன கிழமை பெரிய சத்தம், இந்தக் கிழமை சின்னச் சத்தம். இதற்கு மேல் என்ன விஞ்ஞானம் வேண்டும்?

இந்த ஆதாரத்தில்தான் தனஞ்சயன் விழுந்தான்.

தனஞ்சயன் அன்புவழிபுரத்துக்காரன். போட் இஞ்சின் திருத்துகிறவன். துறையில் அவனுடைய காதுக்குத் தனி மரியாதை. ஸ்க்ரூட்ரைவரின் நுனியை ஓடுகிற இஞ்சினில் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கண்ணை மூடுவான். "ரெண்டாவது சிலிண்டர். பேரிங் போகுது" என்பான். கழற்றிப் பார்த்தால் ரெண்டாவது சிலிண்டர்தான், பேரிங்தான். மூன்று போட் தள்ளி ஒரு நட்டு இளகினால் சாப்பாட்டுக் கோப்பையை வைத்துவிட்டு எழும்பிப் போவான். அப்படிப்பட்டவனுக்கு ஒருவர் வந்து, நெஞ்சையும் சத்தத்தை வைத்தே கண்டுபிடிக்கலாம், சத்தம் குறைந்தால் வருத்தம் குறைந்தது என்று சொன்னால் என்ன செய்வான்? தன் தொழிலுக்கே கோயில் கட்டிவிட்டார்கள் என்று பூரித்துப்போனான். தான் பூரித்தது போதாதென்று துறையில் பாதிப் பேரை அங்கே கூட்டிக்கொண்டும் போனான்.

அவனுக்கு இன்னொரு காரணமும் இருந்தது. அதை அவன் துறையில் ஒருவருக்கும் சொல்லவில்லை.

அவன் மனைவி தர்சிகா கூட்டுறவுச் சங்கத்தில் எழுதுவினைஞர். பன்னிரண்டு வயதில் தொண்டை நோவும், மூட்டு வீங்கிக் காய்ச்சலும் வந்து, மருந்தோடு மாறியது. மாறிவிட்டது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அது போகும்போது நெஞ்சுக்குள் ஒரு வால்வைக் கெடுத்துவிட்டுப் போயிருந்தது. நாற்பது வயதில் அந்த வால்வு சுருங்கி இறுகி, ஒழுங்காகத் திறப்பதுமில்லை, ஒழுங்காகப் பூட்டுவதுமில்லை. சங்கத்துப் படியில் எட்டாவது படிக்கட்டில் நின்று இளைப்பாறினாள். பிறகு ஐந்தாவதில். இப்போது மூன்றாவதில். படுக்கத் தலையணை மூன்று வேண்டும். கண்டியில் ஒப்பரேசன் என்று டொக்டர்மார் முடிவு சொல்லி, பன்னிரண்டாம் திகதி வியாழக்கிழமை என்று நாளும் கொடுத்துவிட்டார்கள். வருகிறோம் என்று அதற்கு முந்திய திங்களுக்குள் சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் அந்த இடம் வேறொருவருக்குப் போய்விடும். அடுத்த இடம் எப்போது வரும் என்று ஒருவருக்கும் தெரியாது.

தனஞ்சயனுக்குப் பயம். வேறொன்றுமில்லை, சுத்தப் பயம். நெஞ்சைத் திறந்தால் அவள் எழும்பமாட்டாளோ என்ற பயம். பயந்த மனிதனுக்கு முன்னால் ஒருவன் கத்தியோடும் இன்னொருவன் தண்ணீர்ப் போத்தலோடும் நின்றால் அவன் எந்தப் பக்கம் ஓடுவான் என்பது நெஞ்சொலி ஐயாவுக்கு நன்றாகத் தெரியும்.

முதல் ஞாயிறு தர்சிகாவின் நெஞ்சு மண்டபத்தையே அதிரவைத்தது. "அஞ்சாம் படி!" என்றார் ஐயா. "கத்தி வைச்சால் குந்தியிருக்கிறது வெட்டின வாசலால வெளியில வரும். வந்து வீட்டில அடுத்த ஆளைப் பிடிக்கும். ஏழு ஞாயிறு வாங்கோ, தானா இறங்கும்."

இரண்டாம் ஞாயிறு நாலாம் படி. மூன்றாம் ஞாயிறு மூன்றாம் படி. அன்று தர்சிகா கதிரையில் இருந்தபடியே கேட்டாள்.

"ஐயா, சத்தம் குறையுது, சரி. அப்ப எனக்கு இளைப்பு ஏன் கூடுது?"

"போக முதல் ஒருக்கா ஆடும் பிள்ளை. வாடகைக்கு இருந்தவன் வீட்டைவிட்டு எழும்பேக்க கதவை அடிச்சுச் சாத்துறதில்லையோ?"

சனம் ஆமோதித்துத் தலையாட்டியது. முன்வரிசையில் இருந்த ஆமினா உம்மா எல்லோரையும்விடக் கூடுதலாக ஆட்டினார். ஆமினா உம்மா கிண்ணியாக்காரர். புருஷன் மௌத்தான பிறகு, அவர் விட்டுப்போன மூன்றரைத் தொன் போட்டை வைத்து நடத்துகிற பெண்மணி. தனஞ்சயன்தான் அவருடைய இஞ்சினுக்கு வைத்தியன். ஐயாவிடம் கூட்டிக்கொண்டு வந்ததும் அவன்தான். அவருக்கு வருத்தம் முழங்காலில். ஆனாலும் ஐயா நெஞ்சைத்தான் கேட்டார். முழங்காலுக்குள் இருக்கிற ஜின் நெஞ்சால்தான் கதைக்குமாம்.

நாலாம் ஞாயிறு இரண்டாம் படி. இரைச்சல் இருந்த இடம் தெரியவில்லை. தனஞ்சயன் அழுதேவிட்டான். அடுத்த நாள் திங்கள் காலை, கண்டிக் கடிதத்தை மடித்துச் சேட்டுப் பையில் போட்டுக்கொண்டு தனியாகக் கிளினிக்குக்குப் போனான்.

அங்கே நெஞ்சைப் படம் பிடிக்கும் ஸ்கான் அறையில் வேலை செய்பவர் ஷிஃபானா. தர்சிகாவின் வால்வைத் திரையில் மூன்று தரம் பார்த்தவர். அளவாகத்தான் கதைப்பார்.

"மிஸ், இந்தத் திகதியை வேற ஆருக்கும் குடுங்கோ. தர்சிகாவுக்குத் தேவைப்படாது." கடிதத்தை நீட்டினான்.

"ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லத் தேவையில்லை. நீங்களே கேளுங்கோ." போனை எடுத்து நாலு பதிவையும் வரிசையாகப் போட்டான். வெற்றிபெற்றவன் முகம் அவனுக்கு.

ஷிஃபானா சிரிக்கவில்லை, ஏசவும் இல்லை. "முதலாவதை இன்னொருக்காப் போடுங்கோ" என்றார். போட்டான். "பின்னால ஒரு பாட்டுக் கேக்குதே, அது என்ன?"

"அதோ? அது பேக்கரிச் சாமான் விக்கிற பாண்காரற்ற ஓட்டோ மிஸ், பாட்டுப் போட்டுக்கொண்டுதான் வரும். ஞாயிறு நாலு மணிக்கு எங்கட நேரம். அந்த நேரத்துக்குத்தான் அவரும் தொழிற்சாலைக்கு முன்னால மதகடியில வந்து நிண்டு பணிஸ் விப்பார்."

"எல்லா ஞாயிறும் அதே இடத்திலயோ?"

"ஓம். அதில நிண்டால்தான் அவருக்கு வியாபாரம்."

"சரி. இப்ப நாலாவதைப் போடுங்கோ. பாண்காரர் எங்க?"

தனஞ்சயன் போனைக் காதோடு வைத்தான். பாட்டு இருந்தது. ஆனால் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல இருந்தது. மூன்றாவதைப் போட்டான், சத்தம் கொஞ்சம் கூட. இரண்டாவதில் இன்னும் கொஞ்சம் கூட.

"அண்டைக்கு… கொஞ்சம் தள்ளி நிண்டிருப்பார்."

"கிழமைக்குக் கிழமை கணக்கா ஒரு படி தள்ளி நிக்கிறாரோ அண்ணே? இல்லாட்டி அவருக்கும் ஜின் இறங்குதோ?"

மூன்று போட் தள்ளி நட்டு இளகுவது கேட்கிற காது அது. நாலு கிழமையாகத் தன் போனுக்குள்ளேயே இருந்த பாட்டு அதற்குக் கேட்கவில்லை. கேட்க விரும்பியதை மட்டும் கேட்டிருக்கிறது.

"சத்தம் உண்மையாவே குறைஞ்சிருந்தாலும் அது நல்ல செய்தி எண்டில்லை," என்றார் ஷிஃபானா. எழும்பிப்போய்க் கைகழுவும் பைப்பைத் திறந்தார். பாதி பூட்டினார். ஸ்ஸ் என்று இரைந்தது. இன்னும் இறுக்கினார். இரைச்சல் நின்று தண்ணீர் நூலாக வடிந்தது. "இப்ப சத்தம் இல்லை. பைப் சுகமாயிட்டுதோ?"

அவன் போனை அணைத்துப் பையில் போட்டான்.

"வால்வு நல்லா இறுகி, நெஞ்சும் களைச்சுப்போனால் ரத்தம் போறதே குறையும். அப்ப இரைச்சலும் குறையலாம். நெஞ்சைப் பதிவு செய்யிறது பிழையில்லை அண்ணே. டொக்டர்மாரும் செய்யினம். ஆரை முதல்ல ஸ்கானுக்கு அனுப்பவேணும் எண்டு பிடிக்கக் கொம்பியூட்டரையும் பழக்கினம். ஆனா அவை பாக்கிறது இரைச்சல் எங்க தொடங்குது, எங்க முடியுது, எப்பிடி ஏறி இறங்குது எண்டு. அதுக்குப் பிறகு படமும் பாப்பினம். பெரிய சத்தமோ சின்னச் சத்தமோ எண்டதை மட்டும் வச்சுப் படி சொல்ல ஏலாது." கடிதத்தைத் திருப்பி அவன் கையில் வைத்தார். "அடுத்த திங்கள் வரைக்கும் நேரம் கிடக்கு. யோசிச்சிட்டு வாங்கோ."

யோசித்தான். யோசிக்கத் தொடங்கினால் ஒரு தொல்லை இருக்கிறது, இலேசில் நிற்காது. அன்று பின்னேரம் தர்சிகாவுக்கு எல்லாவற்றையும் சொன்னான். கடைசியில், அதுவரை சொல்லாததையும் சொன்னான்.

"எனக்குப் பயம் தர்சி. அங்க நெஞ்சைத் திறந்து… நீ எழும்பி வராட்டி நான் என்ன செய்ய?"

தர்சிகா மூன்று தலையணையில் சாய்ந்திருந்தாள். உடனே பதில் சொல்ல மூச்சுக் காணவில்லை. "எனக்கும் பயம்தான்" என்றாள். "ஆனா இஞ்சருங்கோ, இருவத்திரண்டு வருசமா இஞ்சின் பாக்கிறீங்கள். திறக்காமல் வால்வு மாத்தின இஞ்சின் ஒண்டு சொல்லுங்கோ பாப்பம்."

அவன் சேட்டுப் பையிலிருந்து கண்டிக் கடிதத்தை எடுத்தான்.

"நாளைக்கே கண்டிக்குச் சொல்லிவிடட்டோ?" என்று கேட்டான்.

"சொல்லத்தான் போறம். அதுக்கு முதல் ஒரு ஞாயிறு கிடக்கு. நீங்கள் கூட்டிக்கொண்டு போன சனம் இன்னும் அங்கதான் குந்தியிருக்கு. அதுகளை ஆர் எழுப்புறது? இப்ப நீங்கள் போய் ஐயா கள்ளன் எண்டு சொன்னால், ஜின் உங்களில தாவிட்டுது எண்டுவினம். சொல்லாதேங்கோ. கேக்கப் போடுங்கோ."

ஐந்தாம் ஞாயிறு. வழமையைவிடப் பெரிய சனம். கூட்டம் கூடிப்போய் ஐயா மந்திரித்த தண்ணீருக்கு இரண்டாவது வரிசை போட்டிருந்தார். மூன்றரை மணிக்குத் தனஞ்சயன் போனோடு மேடையில் ஏறினான்.

"ஐயா, முதல்ல ஒரு உதவி. கட்டாரில என்ர மச்சான் ஒராள். நெஞ்சைப் பதிஞ்சு அனுப்பியிருக்கிறார். கேட்டுச் சொல்லுவீங்களோ?"

வெளிநாட்டு நெஞ்சு என்றதும் ஐயாவின் முகம் மலர்ந்தது. வெளிநாட்டு ஜின்களுக்குக் காணிக்கை வேறு. போனை வாங்கி இயந்திரத்தில் செருகினார்.

"டக்… ஸ்ஸ்ஸ்… கீச். டக்… ஸ்ஸ்ஸ்… கீச்."

ஐயா கண்ணை மூடினார். நெற்றியில் கைவைத்தார். நடுங்கினார். அவர் நடுங்கியதைப் பார்த்து முன்வரிசையும் நடுங்கியது.

"ஆறாம் படி! பொம்பிளை ஒண்டு. கடலில மூச்சடைச்சுச் செத்தது. கீச்செண்டு கத்துறது கேக்குதோ? இந்தப் பொடியனுக்கு வயசு முப்பது இருக்கும். கலியாணம் தள்ளித் தள்ளிப் போகுது. சரியோ?"

தனஞ்சயன் பதில் சொல்லத் தேவை வரவில்லை. முன்வரிசையில் ஆமினா உம்மா கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பினார். எழும்பிய வேகத்தில் முழங்கால் நோவை மறந்தேபோனார்.

"யா அல்லாஹ்! இது என்ட போட்டுட இஞ்சினெல்லோ!"

மண்டபம் திகைத்தது. ஐயா ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

"ஏழு வருசமா இந்தக் கீச்சுச் சத்தத்தோட நான் படுற பாடு எனக்குத் தெரியாதா? வால்வால காத்துப் போகுது எண்டு இந்தத் தனஞ்சயன் மகன்தான் நேத்து பிளைவீலைக் கையால சுத்திப் பாத்தவர். அதுக்கு எங்கால கலியாணம்? அது டீசல் இஞ்சின்!"

"ஓமடா, உம்மாட இஞ்சின்தான்!" என்று பின்னாலிருந்து ஒரு மீனவர் எழும்பினார். "பத்துப் போட் தள்ளி நிண்டாலும் எனக்குத் தெரியும்!" இன்னும் நாலு பேர் எழும்பினார்கள். துறைச் சனத்துக்கு முன்னால் போய் இஞ்சின் சத்தத்தைப் பேய் என்று சொல்லக்கூடாது. அதுகளுக்குப் பேயைப் பற்றித் தெரியாது, இஞ்சினைப் பற்றித் தெரியும்.

வேறொருவர் என்றால் அந்த இடத்திலேயே ஓடியிருப்பார். ஐயாவின் தொழில் திறமையை இங்கேதான் மெச்சவேண்டும். அவர் சிரித்தார்.

"இஞ்சினுக்குள்ள ஏற ஏலாது எண்டு ஆர் சொன்னது? கடலில செத்தது போட்டில ஏறாமல் பஸ்ஸிலயோ ஏறும்?"

நம்பமாட்டீர்கள். எழும்பியவர்களில் இரண்டு பேர் திரும்ப இருந்துவிட்டார்கள். அதுவும் சரிதானே என்று ஒருவர் பக்கத்தில் இருந்தவருக்குச் சொன்னார்.

அந்த நேரம் தர்சிகா எழும்பிப்போய் மேடைக் கதிரையில் இருந்தாள். இரண்டு படிதான், ஏறி முடிய அவளுக்கு ஒரு நிமிடம் எடுத்தது. "என்னைக் கேக்கப் போடுங்கோ ஐயா. நாலு மணியாகுது" என்றாள்.

ஐயாவுக்கு இது கடல் நடுவில் கிடைத்த பலகை. மைக்கை அவள் நெஞ்சில் வைத்தார். மறுகை பட்டுத்துணிக்குக் கீழே போனது. டுப், டப் என்று மெதுவாக, மிக மெதுவாக வந்தது. இரைச்சல் இல்லவே இல்லை. "பாருங்கோ! முதலாம் படி! நீங்களே சாட்சி!"

மண்டபம் கைதட்டத் தொடங்கிய நேரம் மதகடியில் பாண்காரர் வந்து நின்றார். ஜன்னலால் பாட்டு வந்தது. ஒலிபெருக்கியிலும் வந்தது, ஆனால் செத்த குரலில்.

தனஞ்சயன் சனத்தைப் பார்த்துத் திரும்பினான்.

"ஒரு நிமிசம். ஜன்னலால வாற பாட்டைக் கேளுங்கோ. எல்லா ஞாயிறும் கேக்கிற அதே பாட்டு, அதே அளவு. இப்ப பெட்டியால வாற பாட்டைக் கேளுங்கோ. தர்சியின்ர வருத்தம் குறைஞ்சதால நெஞ்சுச் சத்தம் குறைஞ்சுதெண்டால், பாண்காரற்ற பாட்டு ஏன் குறையுது? அந்த மனிசனுக்கு என்ன வருத்தம்?"

முதலில் ஒருவர் சிரித்தார். பிறகு பத்துப் பேர். ஐயா இயந்திரத்தை இரண்டு கையாலும் மூடிக்கொள்ளப் பார்த்தார். தனஞ்சயனுடைய கை இஞ்சின் கழற்றிப் பழகிய கை. பட்டுத்துணி போனது. கீழே சாதாரண அம்பிளிபயர், அதில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற சாதாரண குமிழ்.

"முதல் ஞாயிறு பதிவில பாட்டு எவ்வளவு உரத்திருந்தது எண்டு எனக்குத் தெரியும். அந்த அளவுக்குப் பெட்டியால பாட்டு வருமட்டும் திருப்பப் போறன். வேற ஒண்டும் செய்யேல்லை."

திருப்பினான். பாட்டு ஏறியது. பாட்டோடு சேர்ந்து டுப் ஏறியது, டப் ஏறியது. நடுவில் அதுவும் எழும்பி வந்தது. ஷ்ஷ்ஷ். முதல் நாள் கேட்ட அதே இரைச்சல். ஒரு கிழமையும் அது எங்கேயும் போயிருக்கவில்லை. பெட்டிகள் அதிர்ந்தன. சிரித்துக்கொண்டிருந்த சனம் அடங்கிவிட்டது. தனஞ்சயன் குமிழில் கைவைத்தபடி நின்றான். நாலு கிழமை இந்தச் சத்தத்தை ஒளித்துவைத்துத்தான் அவனை நிம்மதியாக நித்திரை கொள்ள விட்டிருக்கிறார்கள். அவன் கண்ணால் தண்ணீர் ஓடியது. துடைக்கவில்லை.

"கேட்டனீங்களே?" என்றாள் தர்சிகா. அவள் கதைத்ததும் மைக் வழியாகவே மண்டபமெல்லாம் கேட்டது. "என்ர நெஞ்சு இதுதான். வியாழக்கிழமை ஒப்பரேசனுக்குக் கண்டிக்குக் கூட்டிக்கொண்டு போவீங்களோ, இல்லாட்டி நான் தனிய பஸ் ஏறட்டோ?"

"போவம்" என்றான். "நாளைக்குக் காலமையே சொல்லுறன்."

பிறகு அவள் பக்கத்துப் பெட்டியைக் கையால் தட்டினாள். "இன்னொண்டு. இந்தப் பெட்டிக்கு வெள்ளைப் பெயின்ற் அடிச்சிருக்கு, ஆனா ஒரு பூச்சுத்தான். கிட்ட இருந்து பாத்தால் கீழ இருக்கிற எழுத்து வாசிக்கலாம். ஆனந்தராசா ஒலிபெருக்கிச் சேவை. கலியாணம், சாமத்தியச் சடங்கு, தேர்தல் கூட்டம். நான் முதல் கிழமையே வாசிச்சிட்டன். என்ர மனிசன்ர மனம் ஆறட்டும் எண்டு பேசாமல் இருந்தனான். அது என்ர பிழை."

தேர்தல் கூட்டம் என்றதும் சனத்துக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இல்லாததை உரப்பிக் காட்டுவதும் இருப்பதை அமத்திக் காட்டுவதும் ஐயா வேடம் போட்ட ஆனந்தராசா எங்கே பழகினார் என்பதைக் கேட்கத் தேவையில்லை.

ஆனந்தராசா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு பின்கதவால் பாய்ந்தார். ஆமினா உம்மா செருப்பைக் கழற்றிக்கொண்டு பின்னால் ஓடினார். ஐயாவிடம் வந்து உண்மையாகச் சுகப்பட்ட ஒரே முழங்கால் அதுதான். மதகடியில் பாண்காரரின் ஓட்டோ நின்றது. பணிஸ் தட்டுகளுக்கு நடுவில் ஏறிக் குந்திக்கொண்டு, "எடு, எடு!" என்று கத்தினார் நெஞ்சொலி ஐயா. பாண்காரருக்கு ஒன்றும் விளங்கவில்லை, எடுத்துவிட்டார். பாட்டை நிற்பாட்டவும் மறந்துவிட்டார். பாட்டோடு ஓட்டோ கரையோர வீதியில் வடக்கே போனது. தூரம் போகப் போகப் பாட்டின் சத்தம் குறைந்துகொண்டு வந்தது. சத்தம் குறைந்ததால் ஐயா திருந்திவிட்டார் என்று ஒருவரும் எண்ணவேண்டாம்.

மண்டபத்தில் ஒருவர் மட்டும் கதிரையை விட்டு எழும்பாமல் இருந்தார். எல்லோரும் போனபிறகு தனஞ்சயனிடம் வந்து, "அப்ப தம்பி, அடுத்த ஞாயிறு இல்லையோ?" என்று கேட்டார். தனஞ்சயன் ஷிஃபானாவின் கிளினிக் எந்த நாள், எத்தனை மணிக்கு என்று அவருக்குச் சொல்லி அனுப்பினான்.

தர்சிகாவுக்கு வியாழக்கிழமையே ஒப்பரேசன் நடந்தது. கழற்றின வால்வைப் பற்றி டொக்டர் சொன்னாராம், இன்னும் சில மாதம் விட்டிருந்தால் ஆள் இருந்திராது, கழற்றத் தேவையும் வந்திராது என்று. அதைத் தனஞ்சயன் இன்றைக்கும் முழுதாகச் சொல்லி முடிக்கமாட்டான், பாதியில் எழும்பி ஸ்க்ரூட்ரைவரைத் தேடப் போய்விடுவான். இப்போது தர்சிகாவின் நெஞ்சில் உலோக வால்வு. பக்கத்தில் இருந்தால் டிக், டிக் என்று கேட்கும். சங்கத்துப் படிக்கட்டு முழுவதையும் ஒரே மூச்சில் ஏறி, மேலே போய்நின்று அதை எல்லோருக்கும் சொல்லிக் காட்டுகிறாள். ஆமினா உம்மாவின் இஞ்சினுக்கும் புது வால்வு போட்டாயிற்று. கீச்சுச் சத்தம் மட்டும் அப்படியே இருக்கிறது. அது பேயில்லை என்று தெரிந்தபிறகு உம்மாவும் அதைப் பொருட்படுத்துவதில்லை.

போன கிழமை குச்சவெளிப் பக்கம் ஒருவர் வந்திருக்கிறாராம். வயிற்றில் மைக்கை வைத்துக் குடல் சொல்லுவதைக் கேட்டு எதிர்காலம் சொல்லுகிறாராம். வெள்ளைச் சாரமாம், இப்போது தாடி இல்லையாம். பஸ்ஸில் இடமில்லை என்று கேள்வி. போகிறவர்கள் போங்கள், ஆர் மறித்தது? காதைக் கொண்டுபோங்கள். ஆனால் இரண்டு காதுக்கும் நடுவில் இன்னொரு சாமான் வைத்திருக்கிறீர்களே, அதை வீட்டில் பூட்டி வைத்துவிட்டுப் போகாதீர்கள். வாடகைக்கு எடுத்ததில்லை அது, உங்களுடையதுதான்.